ஊரையே பச்சையாக்கிய டிஷ்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கடையும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். நீ வாங்கி அனுப்பிய இன்டர்நெட் டிஷ்ஷைக் கூரையிலிருந்து கழற்றிவிட்டோம். போன ஞாயிறு நாங்கள் திரையில் வராததற்கு அதுதான் காரணம், வேறு எதையும் கற்பனை செய்துகொள்ளாதே. கழற்றியது உன் அப்பாதான், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கடிதம் கைக்கு வருவதற்குள் அவர் டவுனுக்குப் போய் உன்னிடம் போனில் பேசியிருப்பார், ஆனால் உன் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்து பாதிதான் சொல்லுவார், அதனால் முழுக்கதையையும் நானே எழுதிவிடுகிறேன்.

இன்டர்நெட் இல்லாத கிராமங்களுக்குக் கேபிள் போட அரசாங்கம் மானியம் தருகிறது. நம் ஊர்த்தலைவரும் எழுதிப் போட்டார். முடியாது என்று பதில் வந்தது, ஏனென்றால் அவர்கள் வைத்திருக்கும் வரைபடத்தில் இன்டர்நெட் உள்ள ஊர் பச்சை, இல்லாத ஊர் சிவப்பு, நம் ஊர் பச்சை. விசாரித்தால், ஊரில் ஒரே ஒரு கட்டடத்தில் நல்ல வேகத்தில் வந்தாலும் ஊருக்கே வந்த மாதிரி என்பது விதியாம். அந்த ஒரு கட்டடம் நம் இரும்புக் கடை. மறுநாள் காலையில் தலைவர், தையல்காரர், பள்ளிக்கூடத்து டீச்சர் எல்லாரும் கடையில் வந்து நின்றார்கள். டீச்சர் கூரையை அண்ணாந்து பார்த்து, "உங்க டிஷ்ஷால ஊரே பச்சையாப் போச்சுக்கா" என்றாள், ஏதோ நான் கிணற்றில் சாயத்தைக் கலந்த மாதிரி. இத்தனை நாள் என் கடை வாசலில் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து என் பாஸ்வேர்டில் படம் பார்த்தவர்கள்தான் எல்லாரும். ஒரு ஆணி வாங்கியதில்லை.

தலைவர் விடவில்லை, நேரில் வந்து பாருங்கள் என்று திரும்ப எழுதி ஒரு அதிகாரியை வரவழைத்துவிட்டார். அவர் வருவதற்கு முன் டிஷ்ஷை மறைக்கப் பெரிய தண்ணீர் டிரம் ஒன்றை என்னிடமே வாங்கி அதன் மேல் கவிழ்த்தார். அது பிளாஸ்டிக், சிக்னலுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும், அவர் கேட்கவில்லை, நானும் வந்த வியாபாரத்தைக் கெடுக்கவில்லை. அதிகாரி நல்ல மனிதர்தான். தெருத் தெருவாக நடந்து எங்கும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சந்தோஷப்பட்டார். ஆனால் இங்கே இன்டர்நெட் இல்லை என்ற அறிக்கையை நின்ற இடத்திலிருந்தே அனுப்பினால்தான் செல்லுமாம். அவர் கையில் இருந்த கருவியில் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார், தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினார், வியர்த்து ஊற்றியது. பார்த்துப் பொறுக்காமல் நம் தையல்காரர், "வெயில்ல ஏன் சார் அலையறீங்க, அக்கா கடைக்கு வாங்க, பிச்சிக்கிட்டுப் போகும்" என்று கையைப் பிடித்து அழைத்து வந்து பாஸ்வேர்டையும் சொல்லிவிட்டார். அறிக்கை கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. அதே வேகத்தில் பதிலும் வந்தது, தங்கள் அறிக்கை இந்த ஊரிலிருந்தே நல்ல வேகத்தில் கிடைத்தது, எனவே ஊர் பச்சை. அதிகாரி சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். தலைவர் தையல்காரரைப் பார்த்த பார்வையில் சட்டை கிழிந்திருக்கும்.

மேலிடத்தில் பேசி அதிகாரி இன்னொரு தடவை வர அனுமதி வாங்கினார். இந்த முறை அறிக்கை வந்து சேராமல் போனால் அதையே ஆதாரமாக வைத்துக்கொள்வார்களாம். அதற்கு டிஷ் நிஜமாகவே இறங்க வேண்டும், கேபிள் வரும்வரை ஏறவும் கூடாது. உன் அப்பா முடியவே முடியாது என்றார். "மாசம் நெருங்குது, பேரப்பிள்ளை பிறந்த அன்னைக்கே முகத்தைப் பார்க்கணும், ஊருக்காக அதையும் விடணுமா" என்று ஏணியைக் கொண்டுபோய்ப் பூட்டி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்காருகிறவரிடம் நான் என்ன சொல்ல. கடைசியில் சொன்னது நர்ஸம்மா. பிரசவக் கேஸ்களின் ஸ்கேன் படத்தை டவுன் டாக்டருக்கு அனுப்ப அவள் நம் வாசலுக்குத்தான் வருவாள், கடை பூட்டியிருந்தால் மழையில் நிற்பாள். அவள் சண்டை போடவில்லை, "உங்க பொண்ணோட ஸ்கேன் படத்தை அவ டாக்டர் எங்க உட்கார்ந்து பார்க்கிறார்ப்பா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்று அவர் சாப்பிடவில்லை. காலையில் ஸ்பேனர் எங்கே என்று என்னைக் கேட்டார்.

அதிகாரி வந்தார், வட்டம் சுற்றியது, அறிக்கை போகவே இல்லை, தெருவே கை தட்டியது. மானியத்துக்கு உத்தரவும் வந்துவிட்டது, இனிக் கேபிள் வர வேண்டியதுதான்.

நீ கனமான எதையும் தூக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. தொட்டில் வாங்கப் போனால் கடைக்காரன் சொல்லும் முதல் விலைக்குத் தலையாட்டாதே, மாப்பிள்ளையைப் பேச விடாதே. சுகப்பிரசவமாகி இரண்டு உயிரும் நல்லபடியாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

நான் எதையும் சும்மா கொடுக்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். தலைவர் என் பேரைக் கல்லில் வெட்டுகிறேன் என்றார், கல்லில் என் பெண் தெரிவாளா என்று கேட்டேன். பிறகு பேசி முடித்தது இது. கேபிள் வரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் தலைவரின் கார் உன் அப்பாவை டவுனுக்குக் கூட்டிப்போக வேண்டும், அவர் பேசி முடிக்கும்வரை நிற்க வேண்டும், ஹாரன் அடிக்கக் கூடாது, தலைவர் திரைக்குள் தலையை நீட்டக் கூடாது. உனக்கு வலி கண்ட சேதி வந்தால் எந்த நேரமானாலும் எங்களை டவுனுக்குக் கூட்டிப்போகக் கார் வரும். நர்ஸம்மா எப்போது கேட்டாலும் அவளுக்கும் வரும், பெட்ரோல் அவர் செலவு. கேபிள் வந்தால் முதல் இணைப்பு நர்ஸம்மாவுக்கு, இரண்டாவது நமக்கு, தலைவருக்குக் கடைசி. ஒரு ஞாயிறு தவறினாலும் அன்று சாயங்காலமே டிஷ் ஏறும், ஊர் பச்சையாகும்.

இப்படிக்கு,
உன் அம்மா