கழுவி விற்ற வண்டி

மார்ச் 3, செவ்வாய்

பழைய பிக்கப்பை இன்று விற்றுவிட்டேன். மூன்று லட்சத்து நாற்பதாயிரம். ஒரே பேச்சு, கையில் ரொக்கம்.

வந்தவன் ஒல்லியான ஆள். தண்ணீர் கேன் போடுவதற்கு வண்டி வேண்டும் என்றான். இன்ஜின் ஆறிக் கிடந்தால் நாலு தரம் இருமித்தான் கிளம்பும். அதனால் ஐந்தரைக்கே ஸ்டார்ட் செய்து அரை மணி ஓடவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். வண்டி கழுவின மாதிரியும் ஆச்சு, பானெட் ஆறின மாதிரியும் ஆச்சு. விவரம் தெரிந்தவன் முதலில் பானெட்டில்தான் கை வைத்துப் பார்ப்பான். இவன் அதுகூடச் செய்யவில்லை. "இது உங்க கையிலேயே இருந்த வண்டிதானே?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டான்.

ஹெட் கேஸ்கட் போய் மூன்று மாதம் ஆகிறது. மூக்கர் நாற்பத்தெட்டாயிரம் கேட்டார். (என் மெக்கானிக். புகையை மோந்தே வண்டியின் நோயைச் சொல்வார், அதனால் அந்தப் பெயர்.) நான் முந்நூறுக்கு ஒரு அடைப்புப் பொடி வாங்கி ரேடியேட்டரில் கொட்டினேன். ஒழுக்கு நின்றது. கிளட்ச் வழுக்குகிறது, அதற்குப் பதினாலு. கடை டைல்ஸ் சுமந்து சுமந்து பின் ஸ்பிரிங் பட்டை வளைந்திருக்கிறது, அதற்கு ஏழு. எல்லாம் இனி அவன் பாடு.

வீட்டுக்காரி கேட்டாள்: "வாங்கினவரும் பிழைக்கணும் இல்லையா?"

"சந்தைக்கு வர்றவன் கண்ணையும் எடுத்துட்டு வரணும்" என்றேன்.

மார்ச் 10

போன் வரவில்லை. ஒரு வாரம் தாண்டிவிட்டால் விற்றது விற்றதுதான்.

மார்ச் 17, செவ்வாய்

புது வண்டிக்கு ஆயில் மாற்ற மூக்கரிடம் போனேன். ஷெட்டின் மூலையில் என் பழைய பிக்கப், ஹெட்டைக் கழற்றிப் போட்டபடி.

"பொடி மொத்தமும் ரேடியேட்டரை அடைச்சிருக்கு முதலாளி. சூடேறி ஹெட் வளைஞ்சுபோச்சு. இனிமே நாப்பத்தெட்டுல முடியாது. எம்பதாவது ஆகும்."

"வாங்கினவன் என்ன சொல்றான்?"

துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றுமில்லை. "உங்ககிட்ட வந்தது வேற ஆள். வாங்கினது உங்க தம்பி."

பாலத்தில் ஏறும்போது கொதித்து நின்றிருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்திருக்கிறான். வலது கை, முழங்கைவரை வெந்துவிட்டது.

தம்பியோடு பேச்சு நின்று ஆறு வருஷம். அப்போது என் டைல்ஸ் கடையில்தான் இருந்தான்; வாசல்வரை வந்த வாடிக்கையாளரிடம், "இது ரெண்டாந்தரச் சரக்கு, வேண்டாங்க" என்று சொன்னான். கடை ஆட்கள் முன்னால் நான் கத்தினேன். "வாய் நிறைய உண்மையை வச்சுக்கிட்டு வயித்துக்கு என்னடா பண்ணுவ?" கல்லாச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவன்தான்.

மார்ச் 18

எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பேனா?

வேற எவனோ ஒருத்தன் கை வெந்திருந்தா? அப்ப இப்படி உக்காந்து எழுதிட்டு இருப்பேனா—

இல்லை.

மார்ச் 21, சனி

வீட்டுக்காரி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பெரிய கட்டு. கேன் தூக்க முடியாது. தம்பி மனைவி வாடகை வண்டி பிடித்துப் போடுகிறாளாம். பாதி வீடுகள் வேறு ஆளிடம் போய்விட்டன.

அவன் சொன்னதை அப்படியே சொன்னாள்: "ஊரெல்லாம் வண்டி பார்த்தேன் அண்ணி, எதையும் நம்ப முடியல. அண்ணா விக்கிறார்னு கேள்விப்பட்டதும், அவர் வண்டின்னா பார்க்கவே வேண்டாம், கண்ணை மூடிட்டு வாங்கிட்டு வான்னு ஆளை அனுப்பினேன். நான் போனா தரமாட்டாரே."

சொல்லிவிட்டு என் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

மார்ச் 25

மூக்கரிடம் பேசி வைத்தேன். தம்பியிடம் இருபதாயிரம்தான் என்று சொல்லட்டும். மீதி என் பொறுப்பு.

மார்ச் 26

மூக்கர் போன் செய்தார். "தம்பி சிரிக்கிறார் முதலாளி. 'இருபதுக்கு ஹெட் வேலை எந்த ஊர்ல செய்றாங்க, நான் யார்கிட்ட வளர்ந்தவன்னு மறந்துட்டீங்களா'ங்கிறார். பழைய கேஸ்கட்டோடவே ஹெட்டைத் திருப்பி மாட்டச் சொல்லி, கட்டி இழுத்துட்டுப் போயிட்டார்."

விலை தெரியாமல் எதிலும் கை வைக்காதே என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

மார்ச் 31

மூன்று நாற்பது இன்னும் பீரோவில் கட்டுப் பிரிக்காமல் இருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் ஒரு பக்கம் காலிக் கேன்கள், மறுபக்கம் வண்டி. தம்பி மனைவி "வாங்க மாமா" என்று நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போனாள்.

"வண்டியை வாங்கிக்கலாம்னு வந்தேன்."

"யாருக்கு?" என்றான் தம்பி.

"எனக்குத்தான்."

"அப்ப பார்த்து வாங்குங்க. இன்னும் ஸ்டார்ட் பண்ணல. கழுவவும் இல்ல. தொட்டுப் பாருங்க."

அன்றைக்கு வண்டி ஈரமாக இருந்ததை அந்த ஆள் சொல்லியிருப்பான். பானெட்டில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. எடுத்தபோது உள்ளங்கை முழுக்கத் தூசி.

இடது கையை வளைத்துச் சாவியைத் திருப்பினான். நாலாவது இருமலில் கிளம்பியது. முற்றம் முழுக்க வெள்ளைப் புகை. அணைத்தான்.

"அதே மூணு நாற்பது தர்றேன். ஆஸ்பத்திரிச் செலவும்—"

"வண்டிக்கு மட்டும் பேசுங்கண்ணா. கைக்கு விலை வைக்காதீங்க. இன்னிக்குச் சந்தையில இது என்ன போகும், அதைச் சொல்லுங்க."

முப்பது வருஷத்தில், வாங்கப் போன இடத்தில் ஒருவனிடமும் நான் சரியான விலையைச் சொன்னதில்லை.

"ரெண்டு அஞ்சு" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "நானும் அதைத்தான் நினைச்சேன்."

பிறகு ஒரு தாளில், இடது கையால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கோணல் கோணலாகக் குறைகளை எழுதினான். மொத்தம் ஒன்பது. ஆறு நான் விற்றபோதே இருந்தவை. எவை எவை என்று அவனும் பிரித்துச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட பிறகும் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வாங்க என்பானோ, அண்ணி எப்படி இருக்காங்க என்றாவது கேட்பானோ என்று.

"மழை வர்ற மாதிரி இருக்கு. கிளம்புங்க" என்றான்.

இரண்டு லட்சத்து ஐந்தாயிரம். ரொக்கம். ஒன்பது குறையும் தெரிந்தே வாங்கியது. இழுத்துப்போகும் கூலி என்னுடையது.