பதினான்கு வரித் துடைப்பம்

பிப்ரவரி 3, செவ்வாய்

வந்துவிட்டது, வேட் பிரிஸ்பாயின் செவ்வாய்த் துணுக்கு. கணினிக்குக் கொடுக்கும் நீளமான கட்டளை ஒன்றை இரண்டே எழுத்தில் சுருக்கி வைத்துக்கொள்வது எப்படி. “வாழ்க்கையில அஞ்சு நொடி மிச்சம், மக்களே” என்று அலுவலக அரட்டையில் போட்டிருக்கிறான். பதினோரு பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள். மிச்சமான ஐந்து நொடியில் என்ன செய்யப்போகிறார்கள்? அடுத்த துணுக்கைப் படிப்பார்கள்.

ஏரித் துறைமுகமான டுலூத்தில், இந்தக் கப்பல் அட்டவணைக் கம்பெனியில், எனக்கு இது பதினாறாவது குளிர்காலம். ஏரி உறைந்து கிடக்கிறது. மார்ச் கடைசி வரை கப்பல் வராது. அதுவரை ஒவ்வொருவரும் தன் கணினிக்குப் பொட்டும் பூவும் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

போன வருடம் என்னிடமும் வேட் வந்து கேட்டான், பழைய ஸ்கிரிப்ட், குட்டி நிரல் ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று. உன் குப்பைத்தொட்டியில் என் பேர் விழக்கூடாது என்றேன். சிரித்துக்கொண்டே போனான். ரோஷம் என்று ஒன்று அவனுக்குக் கிடையாது.

பிப்ரவரி 5, வியாழன்

மரிசோல் கின்டெரோ நவம்பர் கடைசியில் சேர்ந்தவள். பதினைந்து வருடம் பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பத்தொரு வயதில் இந்த வேலைக்கு மாறியிருக்கிறாள். மூன்று மாதச் சோதனைக் காலம், இருபத்தேழாம் தேதி முடிகிறது.

வேட் தன் கணினியின் நிறம், விசை எல்லாவற்றையும் மாற்றும் அமைப்புக் கோப்பை முழுசாக அவளுக்குக் கொடுத்திருக்கிறான். நானூறு வரி. அவளும் அப்படியே ஒட்டிக்கொண்டாள். இப்போது அவள் திரை திருவிழாக் கடை மாதிரி மின்னுகிறது, எந்த விசை எதைச் செய்யும் என்று அவளுக்கே தெரியவில்லை. என்னிடம் வந்து ஒரு வரியைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டாள்.

“படிக்காம ஒட்டினா இப்படித்தான்” என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனாள். பதில் சொல்ல அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்றைய துணுக்கு: பழைய சோதனைக் கோப்புகளைத் துடைத்தெறியும் ஸ்கிரிப்ட், பதினான்கு வரி. எல்லாருடைய நிரல்களும் இருக்கும் பொதுச் சேமிப்பின் மூலையில் கிடந்ததாம். தூசு தட்டி எடுத்துப் போட்டிருக்கிறான்.

படித்தேன். எந்த ஃபோல்டரைத் துடைக்க வேண்டும் என்று பெயர் கொடுத்தால் ஒழுங்காக வேலை செய்யும். பெயர் கொடுக்க மறந்தால், நாம் அப்போது நிற்கிற ஃபோல்டரையே துடைத்துவிடும். ஒன்பதாவது வரி. பார்த்ததுமே தெரிந்தது.

காலைக் கூட்டத்தில் சொன்னேன்: “இதை எழுதின மகராசன் கண்ணைக் கட்டிக்கிட்டு வீடு பெருக்கியிருக்கான்.” எல்லாரும் சிரித்தார்கள். மேலாளர் கோர்டன் ஹாஸ் காப்பியைச் சிந்திக்கொண்டார். வேட் மட்டும் என்னவோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். மட்டம் தட்டினால் அவனுக்குக்கூட உறைக்கும் போலிருக்கிறது!

நல்ல நாள்.

பிப்ரவரி 11

பூஜ்யத்துக்குக் கீழே இருபது. கார் கிளம்ப மறுத்தது. எனக்கு அந்த வசதி இல்லை, போனேன்.

பிப்ரவரி 12, வியாழன்

மரிசோல் அந்த ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டாள். பெயர் கொடுக்காமல். தன் வேலை ஃபோல்டரில் நின்றுகொண்டு.

ஒன்பது நாள் வேலை போய்விட்டது. நீர்மட்டத்தை உயர்த்தித் தாழ்த்தும் மதகில் கப்பல்கள் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் பகுதி, இருபதாம் தேதி துறைமுகத்துக்குக் கொடுக்க வேண்டியது. பொதுச் சேமிப்புக்கு ஏன் ஒரு நகல்கூட அனுப்பவில்லை என்று கோர்டன் எல்லார் முன்னாலும் கேட்டார். அவள் என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்:

“அனுப்பினா கேரின் படிப்பாங்க. சுத்தமா முடிச்சிட்டு அனுப்பலாம்னு இருந்தேன்.”

 

அப்புறம் வேட் எழுந்து, தப்பு என்னுடையது, சோதித்துப் பார்க்காமல் போட்டேன் என்றான். கோர்டன் முகம் கல்லாகத்தான் இருந்தது. சோதனைக் காலத்தில் இருப்பவள் ஒட்டுவதற்கு முன் படிக்க வேண்டாமா என்று கேட்டார். அது என் வசனம். வேறு வாயில் கேட்கையில் இவ்வளவு கேவலமாகவா இருக்கும்?

நான் பார்த்தேனே. செவ்வாய்க்கிழமையே பார்த்தேனே. ஒன்பதாவது வரியில் ஓட்டை இருக்குன்னு நாலு வார்த்தை. அதைச் சொல்லாம ஜோக் அடிச்சேன் — எதுக்கு? நாலு பேரு சிரிக்கவா?

பிப்ரவரி 13, வெள்ளி

ஸ்கிரிப்டை எழுதிய அந்த மூடனின் பெயரையாவது தெரிந்துகொள்வோம், கோபத்தை இறக்க ஓர் இடம் வேண்டுமே என்று பொதுச் சேமிப்பில் எதை யார் எப்போது எழுதினார்கள் என்ற வரலாற்றைத் திறந்தேன்.

கேரின் தோல்வனன். 2014 மார்ச். கீழே குறிப்பு: “வேலை செய்கிறது. கேள்வி கேட்காதே.”

நான்.

பிப்ரவரி 16, திங்கள்

முதலில் வேட். மேசையில் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தான். அந்த ஸ்கிரிப்ட் யாருடையது என்று தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியும். உச்சியிலயே உங்க பேரு இருந்துச்சு. போடுறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன். நீங்கதானே பேரு வேண்டாம்னு சொன்னீங்க?”

“கூட்டத்துல ஏன் சொல்லல?”

“எல்லாரும் சிரிச்சிட்டு இருந்தாங்க, கேரின். அப்போ எப்படிச் சொல்றது?” என்றுவிட்டுப் பாதி சாண்ட்விச்சை என் பக்கம் நகர்த்தினான். சாப்பிட்டேன். 

பிறகு கோர்டன் அறை. எழுதியவள் நான்தான் என்றேன். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கதையை விடு என்று கையை வீசினார். அது இல்லை, செவ்வாய்க்கிழமையே ஓட்டையைப் பார்த்துவிட்டேன் என்றேன்.

“பார்த்துட்டுச் சிரிச்சியா?”

“சிரிச்சேன்.”

 மரிசோலைப் பற்றி முடிவெடுக்கும்போது இதைக் கணக்கில் வைக்கச் சொன்னேன். வேண்டுமானால் காலைக் கூட்டத்திலும் சொல்கிறேன் என்றேன். “வேணும்” என்றார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 20, வெள்ளி

மூன்று நாளாக மரிசோல் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒன்பது நாள் வேலையை நான்கு நாளில் திரும்ப எழுதிவிட்டாள். நான் செய்தது சோதித்துப் பார்த்தது மட்டும். அவள் கணக்கு என்னுடையதைவிடச் சுத்தம். இதைக் காட்டவா பயந்தாள்? இல்லை, என்னிடம் காட்டப் பயந்தாள்.

பிப்ரவரி 27

மரிசோல் நிரந்தரம். வேட் கேக் வாங்கி வந்தான், நீலக் க்ரீம், பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

வேட் இந்த வாரம் விடுப்பு. துணுக்கை என் தலையில் கட்டிவிட்டான். அவனுடைய நானூறு வரியில் முந்நூறு வரி குப்பை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அதைச் சொன்னால் கட்டைவிரல் தூக்கிய பதினோரு பேருக்கும் வலிக்கும்.

அதை விட்டுவிட்டு, எந்த ஸ்கிரிப்டானாலும் அழிப்பதற்கு முன் என்னென்ன போகும் என்று பட்டியல் காட்டச் செய்யும் ஆறு வரி எழுதினேன். உச்சியில் என் பெயர். அனுப்பும் முன் மரிசோலிடம் நீட்டினேன். மூன்றாவது வரி புரியவில்லை என்றாள். எனக்குச் சுருக்கென்றது, வாயை மூடிக்கொண்டு மாற்றினேன். மறுபடியும் புரியவில்லை என்றாள். டீச்சர் புத்தி போகுமா? நான்காவது தடவை, “இப்ப சரி” என்றாள்.

அப்புறம்தான் அனுப்பினேன்.