மூச்சுக்குப் போட்ட மூடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நான் சுகம் என்று எழுதினால் இனி நீ லேசில் நம்பமாட்டாய் என்று தெரியும், அதனால் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், பொய் எழுதினால் பேனாவைப் பிடுங்கிவிடுவாள். நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

நடந்ததை நடந்தபடி முதலில் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி நான், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகிறது என்று டாக்டர் கொடுத்த அந்த மூச்சு மெஷினைப் போட்டுக்கொள்ளவே இல்லை. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, குழாயின் வாயில் நம் கடை ரப்பர் மூடியைச் செருகி, கிளிப் போட்டு முறுக்கி, மெஷினை மேஜை மேல் ஓடவிட்டுவிட்டு நான் பாட்டுக்குத் தூங்கிவிட்டேன். அதற்கு முந்தின எட்டு நாளும் ஒரு மணி நேரம்தான் போட்டிருக்கீங்க, ரிப்போர்ட்டில் தெரியுதுப்பா என்று நீ தினம் போனில் கண்டித்துக்கொண்டிருந்தாய் அல்லவா, அந்த மணிக்கணக்கைச் சரிசெய்யத்தான் இந்த வேலை. குழாயைச் சும்மா திறந்து வைத்தால் காற்று ஒழுகுது என்று மெஷின் காட்டிக்கொடுத்துவிடும், முப்பத்தாறு வருஷம் ஹோஸும் வாஷரும் விற்றவனுக்கு ஒரு ஒழுகலை அடைக்கத் தெரியாதா என்ற திமிர். ஒழுகல் அடைபட்டது. கூடவே மூச்சும் அடைபட்டது என்று மெஷின் எழுதிக்கொண்டது. ஆறு மணி நேரம் மூச்சே விடாத ஆள் என்று உன் போனுக்கு ரிப்போர்ட் வந்து, நீ கூப்பிட்டுக் கூப்பிட்டு நாங்கள் எடுக்காமல் போய், பக்கத்து வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரரை அனுப்பினாய். அவர் ஒரு கன்னத்தில் சவர நுரையோடு ஓடிவந்தார். நான் வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன். மனுஷர் என் தோளைத் தொட்டு அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

அன்றைக்கு நீ போனில் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வேலையை விடறேன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன்ப்பா, உங்களை நம்பி அங்கே விட்டுட்டு என்னால இங்கே உட்கார முடியாது என்று அவ்வளவு அமைதியாகச் சொன்னாய். சேர்ந்து ஏழு மாதம்கூட ஆகாத வேலை, அதற்கு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். போனை வைத்த பிறகு அம்மா கேட்டாள், என்னங்க, வாடிக்கைக்காரனை ஏமாத்தலை, வரி ஆபீசை ஏமாத்தலை, கடைசியில உங்க மூக்கையே ஏமாத்தணுமா என்று.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்டபோது வெட்கமாக இருந்தது, அதனால் எழுத்தில் சொல்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு படுத்தால் ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு படுத்த மாதிரி இருக்கிறது. மூச்சை உள்ளே இழுக்க வேண்டியதில்லை, தானாக வந்து விழுகிறது, வெளியே விடுவதுதான் எதிர்க்காற்றில் கதவைத் தள்ளுகிற மாதிரி. காலையில் எழுந்தால் நாக்கு உப்புத்தாள், வயிறு காற்றடித்த டியூப். இது எல்லாவற்றையும்விட மூக்குத் தண்டில் தோல் உரிந்து கண்ணாடி போட முடியாமல் போனதுதான் பெரிய தொல்லை. அது என் கைவேலை. மாஸ்க் ஒழுகினால் வாரை முறுக்கு, இன்னும் ஒழுகினால் இன்னும் முறுக்கு, இதுதான் நான் கற்ற வித்தை. முறுக்க முறுக்க அதிகமாக ஒழுகியது.

உனக்கு ஆறு வயதில் கண்ணுக்கு ஒட்டுப் போட்டது ஞாபகம் இருக்கிறதா. ஒரு கண்ணில் பார்வை மந்தம், நல்ல கண்ணை தினம் நாலு மணி நேரம் மூடி வைத்தால்தான் மந்தக் கண் வேலை செய்யும் என்று டாக்டர் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையில் ஹோஸ் சுருள் மேல் உன்னை உட்கார வைத்து வாஷரை அளவு பார்த்துப் பிரிக்கச் சொல்வேன். அரிக்குதுப்பா, வலிக்குதுப்பா என்பாய். துணைக்கு நானும் கைக்குட்டையால் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு வியாபாரம் பண்ணினேன். அரை இஞ்ச் கேட்டவனுக்கு முக்கால் இஞ்ச் கொடுத்தனுப்பி, அவன் திரும்பி வந்து, என்ன முதலாளி, ஒத்தைக் கண்ணுல பார்த்தா பைப் பெருசாத் தெரியுமா என்று சிரித்தான். ஒட்டின் மூலையைக் கொஞ்சம் உரித்துவிட்டு நீ அந்த வழியாக நல்ல கண்ணால் பார்த்ததும் எனக்குத் தெரியும். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். கோபம் வரவில்லை, நம்ம ரத்தமாச்சே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வலியைச் சொல்ல முடியாமல்தான் ஒரு குழந்தை ஏமாற்றுகிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்த நாட்களை இப்போது ரொம்ப நினைத்துக்கொள்கிறேன். கடை சின்னது, வீடு அதற்குப் பின்னால் ஒற்றை அறை, என் குறட்டைக்கு நீ ரோடு ரோலர் என்று பெயர் வைத்திருந்தாய். அதை அப்போது ஆரோக்கியம் என்று நினைத்தோம்.

புதன்கிழமை மெஷின் கம்பெனிப் பெண் வந்தாள். ரப்பர் மூடியைப் பார்த்துவிட்டு, ஐயா, உங்க மேஜைக்கு நல்ல மூச்சுத் திணறல் இருக்கு, டாக்டர்கிட்ட காட்டுங்க என்றாள். அப்புறம் என்னைப் படுக்க வைத்து, மெஷினை ஓடவிட்டு, வாரை முறுக்காமல் தளர்த்தினாள். மாஸ்க்கின் விளிம்பு மெத்தை தானே காற்றை வாங்கி உப்பி முகத்தில் உட்கார்ந்தது, ஒழுகல் நின்றது. தளர்த்தினால் ஒழுகல் நிற்கும் என்று என் தொழிலில் நான் கேட்டதே இல்லை. ஆரம்பத்தில் காற்று மெதுவாக வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும்படி வைத்தாள், தொண்டை வறளாமல் இருக்க மெஷினோடு இருக்கிற வெந்நீர்த் தொட்டியின் சூட்டைக் கூட்டினாள். மீசைதான் இடிக்குது ஐயா, அது வழியாத்தான் இன்னும் கொஞ்சம் போகுது என்றாள். இருபத்திரண்டு வயதில் கடை வைத்தபோது மொத்த வியாபாரிகள் தம்பி, வீட்டில பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள், பெரிய மனுஷனாகத் தெரியத்தான் அதை வளர்த்தேன். வியாழக்கிழமை எடுத்துவிட்டேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இந்த ஆளை எனக்கு முன்னமே தெரியும், அப்ப தலைமுடி இருந்தது என்றாள்.

முகத்துக்குப் பழகட்டும் என்று மத்தியானம் ஆள் வராத நேரத்தில் கடையிலேயே அரை மணி போட்டுக்கொள்கிறேன். வாஷர் வாங்க வந்த மோட்டார் மெக்கானிக் ஒருவன் குழாயைத் தடவிப் பார்த்து, அண்ணே, சரக்கு மெத்துனு இருக்கே, ரெண்டு மீட்டர் வெட்டுங்க என்றான். எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் கதைவிடப் போவதில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணி நேரம் தாங்கியது, சனிக்கிழமை தூக்கத்தில் நானே பிடுங்கிப் போட்டிருக்கிறேன், மூக்குத் தண்டு இன்னும் எரிகிறது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை பல வருஷத்துக்குப் பிறகு கனவு வந்தது. பழைய ஒற்றை அறை, மழை, நீ அம்மா புடவையைப் போர்த்திக்கொண்டு பேசிக்கொண்டே இருக்கிறாய், என்ன பேசினாய் என்றுதான் நினைவில்லை. காலையில் தலை கனமில்லாமல் எழுந்தேன். சத்தமில்லாததில் அம்மாவுக்குத்தான் தூக்கம் கெட்டுவிட்டது, லாரி நின்ன மாதிரி திடுக்குனு முழிச்சுக்கறேன் என்கிறாள். அவளும் பழகிவிடுவாள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, வருஷத்துக்கு ஒரு முறை கண்ணைக் காட்டிக்கொள். நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, நிம்மதியான தூக்கத்தோடு இருக்க எங்கள் இருவரின் ஆசிகள்.

வாயால் பேசினதை எழுதி வைப்பது என் பழக்கம், அதனால் நேற்றுப் போனில் முடிவானதை எழுதுகிறேன். இன்றிலிருந்து முப்பது ராத்திரி, ராத்திரிக்கு நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் நான் போட்டுக்கொள்ள வேண்டும். முன்னே ஒரு நாள் சிக்னலில் ஸ்கூட்டரிலேயே தூங்கி விழுந்தேனே, அதனால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்கூட்டர் சாவி அம்மாவிடம். எந்த ராத்திரி தவறினாலும் ரிப்போர்ட் வருவதற்கு முன் நானே உன்னிடம் சொல்லிவிட வேண்டும். அந்த முப்பது ராத்திரி முடியும்வரை உன் ராஜினாமாக் கடிதம் மேஜை டிராயரைவிட்டு வெளியே வரக்கூடாது. முப்பதில் எத்தனை தவறலாம் என்பதற்கு நீ மூன்று ராத்திரி என்றாய், நான் ஏழு என்றேன், ஐந்தில் முடிந்தது.

இப்படிக்கு,
உன் அப்பா