ஏரியல் இல்லாமல் எழுந்த முள்

ரேடியோ இரைச்சலுக்கு நடுவிலும் என் குரலுக்குத் திரும்பிய அப்பாவுக்கு,

அம்மாவிடம் சொல்லவா, வேண்டாமா? எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியும் தெரியவில்லை.

காபித்தூள் டப்பாவில் நீங்கள் செய்துவைத்த சிக்னல் மீட்டரைப் பற்றித்தான். ரேடியோ அலையின் பலத்தைக் காட்டும் அந்த முள், நீங்கள் போன பிறகு தினமும் காலையில் எழுந்து பாதியில் நிற்கிறது. சாயங்காலத்துக்குள் தானே இறங்கிவிடுகிறது.

"பாரு, உங்கப்பா வந்துட்டாரு. அவரு இங்க இருக்கசொல்ல நான் எப்படிம்மா உன்கூட கோயம்புத்தூர் வருவேன்?" என்கிறாள் அம்மா.

குளியலறையில் வழுக்கி விழுந்தவளைத் தனியே விட்டுப் போக முடியாது. என் விடுப்போ இந்த வாரத்தோடு முடிகிறது. இனி நீட்டிக்க மாட்டோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமும் இந்த இரண்டு அறைகளும். மூச்சு முட்டுகிறது, அப்பா. முள் ஏன் எழுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் அம்மா கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

ஏரியலைக் கழற்றினேன். டயோடை மாற்றினேன். பற்றவைத்த இடங்களை மறுபடி பற்றவைத்தேன். கடைசியில் முள்ளுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் வெட்டிவிட்டேன். மறுநாள் காலையும் எழுந்து நின்றது! கொஞ்ச நேரம் நானே பயந்துபோனேன். சிரிக்காதீர்கள்.

நான் எழுந்து வருவதற்குள் அம்மா பூஜையை முடித்துவிடுவாள். இன்று முன்னதாகவே எழுந்தேன். உங்கள் படத்தைத் துடைத்த கையோடு மீட்டரின் முகப்பையும் அழுத்தித் துடைத்தாள், ஒரு பட்டுத்துண்டால். முகப்பு பிளாஸ்டிக். பட்டுத்துணியால் தேய்த்தால் மின்னேற்றம் உண்டாகும். அது முள்ளை இழுக்கும். பள்ளிக்கூடப் பாடம். அவள் அந்தப் பக்கம் போனதும் ஈரத்துணியால் துடைத்தேன். முள் பூஜ்யத்தில் விழுந்தது.

எனக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை? சொன்னால் அவள் என்னோடு வருவாள். ஆனால் உங்களை இன்னொரு முறை அவளிடமிருந்து பறித்தவள் நானாக இருப்பேன்.

*

மறுநாள் எழுதுகிறேன். சொல்லிவிட்டேன். பட்டுத்துண்டாலும் ஈரத்துணியாலும் துடைத்துக் காட்டினேன். அம்மா பட்டுத்துண்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தெரியும்மா. பட்டுல தொடைக்காத, முள்ளு எழுந்துக்கும்னு உங்கப்பா எத்தினி வாட்டி கத்தியிருக்காரு."

"அப்புறம் ஏம்மா இப்படி?"

"வரலன்னு சொன்னா, உக்கார வச்சி காரணம் கேப்ப. அவரு வந்துட்டாருன்னு சொன்னா, என்னை வுட்டுட்டு அந்த டப்பாவ குடைஞ்சிக்கினு இருப்ப. எனக்கு உன் ஊரு வேணாம். அவ்ளோதான்."

முடியாது என்று சொன்ன கல்லூரிக்கே மறுபடி போன் செய்து விடுப்புக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்தேன். எத்தனை நாளைக்கு என்று அம்மா கேட்கவில்லை.

வெட்டிய ஒயர்களை நாளைக்குப் பற்றவைத்துவிடுகிறேன், அப்பா. துணியை மாற்றச் சொல்ல மாட்டேன்.

இந்த வீட்டில் மிச்சமிருக்கும்
உங்கள் மகள்