ஒரு மணி நேரம்கூட நீடிக்காத போர்

டேய் மச்சான்,

பத்து வருடம் கழித்து எழுதுகிறேன். நேற்று காட்டாங்குளத்தூரில், நம் காலேஜ் பழைய மாணவர்களுக்கு வைத்த வினாடி வினாவில், எதிர் அணியில் உன்னைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கடைசிக் கேள்வியைத்தான் சொல்கிறேன். “ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக், பம்பாயில் முதல் சினிமா, சான்சிபாரில் ஒரு மணி நேரம்கூட நீடிக்காத போர். எந்த வருஷம்?” பஸ்ஸரை நீதான் முதலில் அழுத்தினாய். 1897 என்றாய். கேள்வி எங்களுக்கு வந்தது. நான் 1896 என்றேன், ஜெயித்தோம். நீ கை தட்டினாய்.

உனக்கு எப்படிடா தப்பாகும்? ஹாஸ்டலில் நாம் சண்டை போட்ட ஒவ்வொரு முறையும், ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு டீயோடு வந்து நின்று, “சான்சிபார் போர் முடிஞ்சிச்சு, குடிடா” என்றவன் நீதானே? மறந்துவிட்டாயா, விட்டுக்கொடுத்தாயா? விட்டுக்கொடுத்திருந்தால் கோபம் வருகிறது. மறந்திருந்தால் அதைவிடக் கோபம் வருகிறது.

பத்து வருடம் முன்பு, முடிச்சூர் வீட்டில் கழுத்தளவு வெள்ளத்தில் நின்று நான் கூப்பிட்டபோது நீ போனை எடுக்காததைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. டவர் இல்லை என்றாய். இருந்திருக்காதோ என்னவோ.

இன்று காலை உன்னிடமே கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாய். “சொல்றா, எங்க வரணும்?” என்றாய்.

நான் போனை வைத்துவிட்டேன்.

அதே முடிச்சூர் வீடுதான்டா, வா.

உன் பழைய வினாடி வினா பார்ட்னர்