கழுத்துக்குப் பின்னால் மூன்று வால்வுகள்

மார்ச் 4
ஆழ்கடலில் மூழ்கும் நுட்பப் பயிற்சி நடத்த இந்த ஊரில் வேறு ஆளே இல்லையா? இவள்தானா? என்னை விட்டுப் போன மனிதர் கட்டிக்கொண்டவள்! அவர் பழசு, இவள் புதுசு. இனி இந்த நோட்டில் அதுதான் அவர்கள் பெயர்.

"வாங்கக்கா, உட்காருங்க" என்றாள். அக்காவாம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூழ்கிக் கிடக்கும் அந்தக் கப்பலின் கொடிமர உச்சியை மட்டும் பார்த்துவிட்டு எத்தனை வருடம் திரும்புவது? எனக்கு அனுமதித்த ஆழம் அதோடு சரி. கீழே போக இந்த வகுப்பு வேண்டும். வகுப்பில் சேர, தயார் என்று இவள் சொல்ல வேண்டும்.

மார்ச் 8
நீச்சல் குளம். முதுகில் இரட்டைச் சிலிண்டர், கழுத்துக்குப் பின்னால் மூன்று வால்வு. ஏறாமல் இறங்காமல் ஒரே இடத்தில் மிதந்தபடி, கைத்தடவலிலேயே ஒவ்வொன்றாக மூடித் திறக்க வேண்டும். காற்று கசிந்தால் உயிர் பிழைக்க அதுதான் வழி. இடது வால்வு எட்டவேயில்லை. நாள் முழுக்க லிஃப்ட் பழுதுபார்க்கிற தோள், கட்டை மாதிரி இறுகிக் கிடக்கிறது.

"இன்னொரு தடவை." மறுபடி, "இன்னொரு தடவை."

வேண்டுமென்றே செய்கிறாள்.

மார்ச் 9
சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "சித்தி சொல்லிக்குடுக்கிறது புரியுதாம்மா?"

சித்தி! எரிந்து விழுந்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். பாவம், பிள்ளை என்ன செய்யும்?

மார்ச் 15
"கோபத்தோட இறங்குறீங்க. மூச்சு வேகமா போகுது, காத்து சீக்கிரம் தீந்துடுது."

யார் மேல் கோபம் என்று மட்டும் கேட்கவில்லை. கெட்டிக்காரி.

மார்ச் 16
முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுக்கிற உடற்பயிற்சி. கண்ணில் தண்ணீர். வலியால்தான்.

மார்ச் 21
எட்டிவிட்டது! மூன்றையும் மூடித் திறந்தேன். சிரித்ததில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தது. அவள் விரலை வட்டமாக்கிக் காட்டினாள் — சரி என்று.

மாலையில் மகளைக் கொண்டுவந்து விட்ட பழசு வாசலிலேயே நின்றார்.

"நீ ஒண்ணும் கவலைப்படாதே. உன்னை எப்படியாவது தேத்திவிடச் சொல்லி அவகிட்ட சொல்லிட்டேன்."

"உங்களை யாரு கேட்டது?"

"நல்லது பண்ணினா இப்படித்தான் கத்துவே."

கதவை அறைந்து சாத்தினேன். அப்படியானால் அந்த வட்டம்? அது என் தோளுக்கா, இந்த ஆளின் சிபாரிசுக்கா? கடலுக்கடியில் சிபாரிசு வந்து மூச்சு விடுமா? ச்சே, ஒரு சந்தோஷத்தையாவது எனக்குன்னு விட்டுவைக்க மாட்டானா இந்த மனுஷன்!

மார்ச் 22
நேரே அவள் கடைக்குப் போனேன். சிலிண்டருக்குக் காற்றடைக்கும் கம்ப்ரசரின் இரைச்சலையும் மீறிக் கத்தினேன். "அவர் சொன்னார்னுதான் தலையாட்டினியா?"

கம்ப்ரசரை நிறுத்தினாள். அவள் முகம் இப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"வால்வு சரியா வந்துச்சு, சரின்னு காட்டினேன். தேறிட்டீங்கன்னு எப்போ சொன்னேன்? அவர் பேச்சைக் கேட்டு உங்களைக் கீழ கூட்டிட்டுப் போய்ச் சாகடிக்கவா?" மூச்சு வாங்கினாள். "உங்க விஷயத்துலயும் இப்படித்தான் கேக்காம கொள்ளாம ஏற்பாடு பண்ணுவாரா?"

"கேட்டுப் பண்ணினாதான் அதிசயம்."

"போன மாசம் இந்தக் கடையைப் பாக்க ஆளைக் கூட்டிட்டு வந்து நிக்கிறாரு, வித்துடலாம்னு. என் கடையை!"

கொஞ்ச நேரம் இருவருமாக அவரைத் திட்டினோம். மனசாரத் திட்டினோம்.

மார்ச் 29
கடலில் சோதனை. வலப்பக்கம் காற்று கசிவதாகச் சைகை காட்டினாள். பதறிப்போய் இடது வால்வை மூடினேன். நிஜமாகக் கசிந்திருந்தால், நல்ல பக்கத்தை அடைத்துவிட்டு ஓட்டைப் பக்கத்தை நம்பியிருந்திருப்பேன்.

மேலே வந்ததும், "இந்தத் தடவை வேண்டாம். அடுத்த வகுப்புல சேருங்க" என்றாள். படகு முழுக்கக் கேட்கும்படி ஏசினேன். அவள் சொன்னது சரி. அதுதான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஏப்ரல் 12
நீச்சல் குளக்கரை. மறுபடியும் பயிற்சி. பழசின் போன்: "உன்னை ஃபெயில் பண்ணிட்டாளாமே? இரு, நான் பேசுறேன்."

கட் செய்தேன்.

"யாரு?" என்றாள் புதுசு, என் தோளை அழுத்திவிட்டபடி.

"ராங் நம்பர்" என்றேன்.

கையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கச் சொன்னாள்.