நீ திருத்திய தீம்

அன்றைக்கு உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "நேராகத் தீமின் கோப்பிலேயே எழுதியிருக்கிறாய். அடுத்த அப்டேட் வந்தால் எல்லாம் அழிந்துவிடும்." சொல்ல ஐந்து விநாடி ஆகியிருக்கும்.

இன்று காலை வேறொரு வாடிக்கையாளரின் இணையதளத்தைத் திறந்தேன். ஓரத்தில் சின்னச் சிவப்பு வட்டம், உள்ளே 1 என்ற எண். ஒரு அப்டேட் காத்திருக்கிறது என்று பொருள். அழுத்த வேண்டிய விரல் அப்படியே நின்றுவிட்டது. டீ ஆறிக்கொண்டிருக்க, உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஸ்ரீபெரும்புதூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே, நாம் இருவரும் தளங்கள் செய்துகொடுத்த அறை. ஒரகடத்தில் கம்பெனிப் பெண்களுக்கு ஹாஸ்டல் நடத்தும் அக்கா வந்திருந்தார். அவருடைய ஹாஸ்டலின் தளம் நீ தனியாகச் செய்த முதல் வேலை. நைட் ஷிப்டு முடித்துத் தூங்கும் பெண்களைப் பகல் பத்து மணிக்கு ஊரிலிருந்து போன் போட்டு எழுப்பிவிடுகிறார்கள் என்று அக்கா ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். நீ அதை மறக்கவில்லை. யாரும் கேட்காமலே பெற்றோருக்காக ஒரு பக்கம் செய்திருந்தாய்.

"இன்னாமா இது, கலர் கலரா கீது?"

"ஒவ்வொரு கட்டமும் ஒரு ரூம்பு, அக்கா. நீலமா இருந்தா தூங்கிகினு இருக்காங்கன்னு அர்த்தம். பச்சை ஆனதும் போன் பண்ணலாம். ஷிப்டு மாறுனா கலரும் தானா மாறிடும்."

"எங்க வூட்டுக்காரருக்கும் ஒரு கட்டம் போட்டுக் குடு. அவரு எப்பவும் நீலந்தான்."

நீங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தபோது நான் உன் கணினியில் கோப்பைத் திறந்து பார்த்தேன். தீம் என்பது தளத்தின் தோற்றத்துக்காக வேறு யாரோ எழுதித் தருவது. அவர்கள் அதைத் திருத்தி அனுப்பும்போதெல்லாம் பழைய கோப்புகளின் மேல் புதியவை வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் நம்முடைய மாற்றங்களைத் தனியே ஒரு சைல்டு தீமில் எழுத வேண்டும். முதல் மாதமே படித்த பாடம், உனக்கும் தெரியும். அவசரத்தில் மூலத்திலேயே எழுதியிருந்தாய், பதினோரு கோப்புகளில். நடுநடுவே உன் குறிப்புகள்: 'இதுல கை வெக்காத', 'ஏன் ஓடுதுன்னு தெரியல, ஓடுது, விட்டுடு.'

முந்தின வாரம்தான் வேறொரு கம்பெனியின் மேனேஜர் முன்னால் உன் பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டியிருந்தேன். பேருந்தில் திரும்பும்போது நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். மறுபடியும் அப்படி வேண்டாம், திங்கள் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஞாயிறு உனக்குக் காய்ச்சல். மூளையில் ஏறிவிட்டது என்றார்கள். ஒன்பது நாள்தான் இருந்தாய்.

அந்தத் தீமைத் தேர்ந்தெடுத்தவள் நான். நீ படத்தைப் பார்ப்பாய், எழுத்துருவைப் பார்ப்பாய், மயங்கிவிடுவாய். நானோ, எழுதியவர்கள் அதைக் கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று பார்ப்பேன். கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் வந்திருக்கிறதா, திட்டியவனுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார்களா என்று பக்கம் பக்கமாகப் படிப்பேன். தளத்தில் கூடுதல் வசதிக்காகச் செருகும் ப்ளகின் என்றாலும் அதே விசாரணை. "இன்னாடி, மாப்ள வூட்ட விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிற?" என்பாய். "கறுப்பா இருந்தாலும் கவர்மென்ட் வேலைல இருக்கானான்னு பாக்குற ஆளு நீ."

என் விசாரணை பொய்க்கவில்லை. நல்ல தீம் அது. எழுதியவர்கள் அதைக் கைவிடவே இல்லை, மாதம் தவறாமல் திருத்தினார்கள். பாதியில் விட்டுவிட்டுப் போகிற யாரோ எழுதிய ஒன்றை நான் தேர்ந்தெடுத்திருந்தால், உன் வரிகளை அழிக்க யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

பதினான்கு மாதம் நான் அப்டேட் செய்யவில்லை. உன் வரிகளைப் பிரித்தெடுத்து சைல்டு தீமில் வைத்துவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். கோப்பைத் திறந்தால் 'கை வெக்காத' என்று நிற்கும், மூடிவிடுவேன். அதற்குள் அவர்கள் தீமையே அடியோடு மாற்றி எழுதிவிட்டார்கள். பிறகு உட்கார்ந்து மூன்று முறை முயன்றேன். உன் வரிகள் போய் ஒட்டிக்கொள்ள அந்தப் புதிய தீமில் இடமே இல்லை. ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பக்கம்தான் வந்தது.

பழைய தீமில் திருடர்கள் நுழையக்கூடிய ஓர் ஓட்டை இருப்பதாக எச்சரிக்கை வந்தது. அதையும் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். சின்ன ஹாஸ்டல், யார் வரப்போகிறார்கள் என்று.

வந்தார்கள். அக்கா போன் செய்தார். "இன்னா பாப்பா, நம்ம சைட்டத் தொறந்தா சீட்டாட்டம் வருது, அசிங்க அசிங்கமா பொம்பள படம் வருது? தென்காசிப் பக்கம் ஒருத்தரு பொண்ண அனுப்புறதுக்கு முன்னாடி சைட்டப் பாத்துக்கீறாரு. 'என்ன இடம்மா நடத்துறீங்க'ன்னு கேட்டு வெச்சிட்டாரு. அந்தப் பொண்ணுக்கு கம்பெனி வேலைக்கு ஆர்டர் வந்தாச்சு. அனுப்ப மாட்டேன்றாரு."

நான் அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு இரண்டு முறை போன் செய்தேன். தளத்தை யாரோ கெடுத்துவிட்டார்கள், ஹாஸ்டல் நல்ல ஹாஸ்டல் என்றேன். "நீங்க யாரு தாயி?" என்று கேட்டார். சைட் செய்தவள் என்றேன். "அப்ப ஒங்க மேலதான தப்பு?" ஆமாம் என்றேன். அவர் மகளை அனுப்பவில்லை.

இப்போது யார் வேலையில் பிழை தெரிந்தாலும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், எதிரில் யார் இருந்தாலும். கூட வேலை செய்கிறவர்களுக்கு என்னைப் பிடிப்பதில்லை. நல்ல பழக்கம் என்று இதைச் சொல்ல மாட்டேன். பயம், அவ்வளவுதான். உன் பதினோரு கோப்புகளும் என்னிடம் இருக்கின்றன. இனி எந்தத் தளத்திலும் ஓடாது, படிக்கலாம்.

தளம் கெட்ட அந்த வாரமே பழைய தீமை நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஷிப்டுப் பக்கத்தை வேறு விதமாக எழுதித் தருகிறேன் என்றேன். "வேணாமா," என்றார் அக்கா. "கலரு கிலரு எதுவும் வேணாம். அட்ரஸும் போன் நம்பரும் போடு, போதும். எனக்கு பயமா கீது." அதை மட்டும் போட்டேன். நைட் ஷிப்டு முடித்துத் தூங்குகிற பெண்களுக்குக் காலை பத்து மணிக்கு வீட்டிலிருந்து மறுபடியும் போன் வருகிறது.